நாஸ் பெட்டி எழவில்லை, ஒரு டிஸ்க் டிக் டிக் என்கிறது: அப்பாவின் ஸ்டுடியோ படங்களை எப்படி மீட்பது?

வயல்வரப்பு · சனி, இரவு 10.52

வணக்கம். அப்பா மன்னார்குடியில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று ஊரில் பாதிப் பேராவது அவர் கேமரா முன்னால் நின்றிருப்பார்கள். கடையை மூடிய பிறகு நெகட்டிவ்களில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. 2015லிருந்து 2017 வரை நானும் அவரும் உட்கார்ந்து ஸ்கேன் செய்தோம், ஏறத்தாழ 19,000 ஃபிரேம். அதை வைப்பதற்காகத்தான் இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கிற பெட்டி) வாங்கினேன். 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1. ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும் என்று நம்பி, பூஞ்சை தின்ற நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு பெட்டி எழவே இல்லை. நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, இரண்டாவது டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, பத்து விநாடியில் நின்றுவிடுகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. முதல் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி டாக்கில் வைத்து விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினேன். டிஸ்க்கை இனிஷியலைஸ் (புது டிஸ்க் போலத் தயார்) செய்யச் சொல்லி திரையில் ஒரு செய்திப் பெட்டி வந்தது. பயந்துபோய் கேன்சல் அழுத்திவிட்டுக் கழற்றிவிட்டேன்.

வேறு எங்கும் காப்பி இல்லை. அடுத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

ராத்திரி ஷிப்ட் · சனி, இரவு 11.20

கேன்சல் அழுத்தினீர்களே, அது நல்லது. இப்போது இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்து, எது எந்த பேயில் (டிஸ்க் செருகும் அறையில்) இருந்தது என்று மார்க்கரால் மேலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு பெட்டிக்குள் டிஸ்க்கைப் போட்டு ஆன் செய்யவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். வீட்டு நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது சாதாரண லினக்ஸ்தான். ரெய்டும் லினக்ஸ் கெர்னலே செய்கிற மென்பொருள் ரெய்டு, எம்டி என்பார்கள். பெட்டி செத்தாலும் டிஸ்க்கில் இருப்பதை வேறு எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் படித்துவிடும். ரெய்டு 1 என்றால் இன்னும் வசதி, ஒரு டிஸ்க் போதும். ஆனால் அரைகுறையாக உயிர் வந்து பெட்டி எழுந்தால், உங்களைக் கேட்காமலே ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு எழுத ஆரம்பிக்கலாம். எது சரியான டிஸ்க் என்று உங்களுக்கே தெரியாத நேரத்தில் அது நடக்கக்கூடாது.

யுஎஸ்பி டாக்கை நம்பாதீர்கள். சில டாக்குகள் 512 பைட் செக்டாரை (டிஸ்க் எழுதிப் படிக்கிற சின்னத் துண்டு) 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிற இடமே அப்போது இடம் மாறித் தெரியும், டிஸ்க் காலி என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த இனிஷியலைஸ் பெட்டிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டிஸ்க்கை நேரடியாக மாட்டும் சாட்டா போர்ட் உள்ள டெஸ்க்டாப் ஒன்று கிடைக்குமா?

கடலோரம் · சனி, இரவு 11.41

இவர் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். எனக்கு இதே நிலைமை வந்தபோது புதுப் பெட்டி ஒன்று வாங்கி அதில் பழைய டிஸ்க்குகளைப் போட்டேன். திரையில் இரண்டு வழி காட்டியது, பழைய டேட்டாவோடு தொடர்வது ஒன்று, புதிதாக நிறுவுவது இன்னொன்று. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினேன். மகள் பிறந்ததிலிருந்து நான்கு வருட வீடியோ அதில் இருந்தது. ஒரு கிளிக் அவ்வளவுதான்.

புதுசு24 · ஞாயிறு, காலை 7.15

டிக் டிக் என்று வந்தால் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ராத்திரி ஃபிரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அண்ணன் ஒருவர் செய்து பார்த்தாராம். அதற்குள் காப்பி எடுத்துவிடலாம்.

பழுதுமேசை · ஞாயிறு, காலை 8.03

ஃபிரீசர் வேண்டவே வேண்டாம். பதினைந்து வருடமாக டிஸ்க் பழுதுதான் பார்க்கிறேன், ஃபிரீசருக்குப் போய் வந்த டிஸ்க்குகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வெளியே எடுத்ததும் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் படியும். டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் பறப்பது தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில். அந்த இடைவெளியில் ஒரு துளி ஈரம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத தூசி போதும்.

வயல்வரப்பு, உங்கள் கதையில் எனக்குச் சந்தேகம் அடாப்டர் மேல். கரண்ட் போய்ப் போய் வந்த பிறகு பெட்டி எழாமல் சிமிட்டுகிறது, டிஸ்க் சுற்றத் தொடங்கி நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. 3.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது மட்டும் 12 வோல்ட் பக்கத்தில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க் என்றால் 4. பல வருடம் ஓடின அடாப்டரில் கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால் சும்மா மீட்டரில் பார்க்கும்போது 12 வோல்ட் சரியாகக் காட்டும், சுமை ஏறியதும் படுத்துவிடும். மின்சாரம் போதாத டிஸ்க்கும் டிக் டிக் என்றுதான் கத்தும். ஹெட் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

டிஸ்க் இல்லாமல் காலிப் பெட்டியையும் அடாப்டரையும் பக்கத்துக் கடையில் சுமை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்ஸில் (அதன் பவர் சப்ளையில்) மாட்டியும் அதே சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அப்போது அது சுத்த அறை உள்ள லேபுக்குப் போக வேண்டிய டிஸ்க். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் தட்டைச் சுரண்டலாம்.

ராத்திரி ஷிப்ட் · ஞாயிறு, காலை 8.30

ஒத்துக்கொள்கிறேன். பெட்டி சாவதும் டேட்டா சாவதும் வேறு வேறு. 2017 தொடக்கத்தில் இன்டெல் தன் ஆட்டம் சி2000 வரிசை சிப்களில் கடிகாரச் சிக்னல் வருடக்கணக்கில் ஓடிய பிறகு நின்றுவிடக்கூடும் என்று அறிவித்தது. அந்த சிப் போட்ட நாஸ் பெட்டிகள் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாமலே எழாமல் போயின. உங்கள் பெட்டியில் அந்த சிப் இல்லாமல் இருக்கலாம், சொல்ல வந்தது அதே விஷயம்தான்.

வயல்வரப்பு · ஞாயிறு, இரவு 9.37

எல்லோருக்கும் நன்றி. அடாப்டரைக் கடையில் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட், சுமை வைத்ததும் 9க்குக் கீழே போய்விட்டது. பழுதுமேசை அண்ணா சொன்னது அப்படியே.

மச்சானின் பழைய டெஸ்க்டாப்பை எடுத்து வந்து உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். இரண்டாவது டிஸ்க்கை மாட்டி ஆன் செய்யும்போது கை நடுங்கியது. டிக் டிக் வரவில்லை! சாதாரணமாகச் சுற்றுகிறது. சாட்டாவில் மாட்டியதும் இரண்டு டிஸ்க்கிலும் மூன்று மூன்று பார்ட்டிஷன் தெரிகிறது. அதே டிஸ்க்கை டாக்கில் வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

இப்போது மவுண்ட் (ஃபைல்கள் தெரியும்படி இணைப்பது) செய்யலாமா?

ராத்திரி ஷிப்ட் · ஞாயிறு, இரவு 9.50

பொறுங்கள். மூன்று பார்ட்டிஷனில் முதலாவது பெட்டியின் சிஸ்டம், இரண்டாவது மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப், பெரிதாக இருக்கிற மூன்றாவதில்தான் உங்கள் படங்கள் இருக்கும்.

முதலில் பிளாக்டெவ் கட்டளையால் இரண்டு டிஸ்க்கையும் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198, 199 நான்கு வரிகளைப் பாருங்கள், முதல் மூன்றும் கெட்ட செக்டார் கணக்கு, 199 டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் நடுவே வந்த தொடர்புப் பிழைகள். அப்புறம் ரெய்டைக் கையாளும் எம்டிஆட்ம் என்ற மென்பொருளை நிறுவி, மூன்றாவது பார்ட்டிஷனை எக்ஸாமின் மட்டும் செய்யுங்கள். அதில் கடைசியாக எழுதிய நேரமும், ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஈவென்ட் எண்ணும் வரும். இரண்டு டிஸ்க்கிலும் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று சொல்லுங்கள். கிரியேட் என்று வரும் எந்த எம்டிஆட்ம் கட்டளையையும், இணையத்தில் யார் எழுதியிருந்தாலும் அடிக்காதீர்கள். அது பழைய ரெய்டு விவரத்தின் மேலேயே புதிதாக எழுதும்.

வயல்வரப்பு · ஞாயிறு, இரவு 10.44

டிஸ்க் 1: கடைசியாக எழுதியது 2022 செப்டம்பர் 11. ஈவென்ட் 41,870. ஸ்மார்ட்டில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம், 199 மட்டும் 340.

டிஸ்க் 2: கடைசியாக எழுதியது போன வியாழன். ஈவென்ட் 1,96,304. ஸ்மார்ட்டில் 197 என்ற வரியில் 216.

2022 என்று ஏன் காட்டுகிறது? கம்ப்யூட்டரில் தேதி தப்பா?

ராத்திரி ஷிப்ட் · ஞாயிறு, இரவு 11.02

தேதி தப்பில்லை. 2022 செப்டம்பரிலேயே முதல் டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது. கெட்ட செக்டார் இல்லாமல் 199 மட்டும் ஏறியிருப்பதால் டிஸ்க்கில் கோளாறு இருக்காது, பேயின் கனெக்டரில் தொடர்பு விட்டு விட்டு வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பெட்டி இரண்டாவது டிஸ்க்கை மட்டும் வைத்து ஓடியிருக்கிறது. அந்த இரண்டாவதில் இப்போது படிக்க முடியாத செக்டார்கள் 216.

2022 செப்டம்பருக்குப் பிறகு பெட்டியில் முக்கியமாக ஏதாவது போட்டீர்களா?

வயல்வரப்பு · ஞாயிறு, இரவு 11.31

ஆமாம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. படங்களை டிவியில் ஒவ்வொன்றாகக் காட்டுவேன், இது யார், எந்த வருடம், எந்த ஊர்க் கல்யாணம் என்று அவர் சொல்லுவார், போனில் பதிவு செய்தேன். 2022 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை 140 ஒலிக் கோப்புகள். படத்தில் இருப்பவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். 2023 ஆடியில் அப்பா போய்விட்டார். போன் மாற்றியபோது அதிலிருந்ததை அழித்தேன், நாஸில் இருக்கிறதே என்று.

முன்பக்கம் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்ததாக அம்மா ஒரு தடவை சொன்னார். பெட்டி பரணில் இருந்தது, நான் ஏறிப் பார்க்கவில்லை. எச்சரிக்கை மெயில் பழைய ஆபீஸ் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

பழுதுமேசை · திங்கள், காலை 6.48

தம்பி, மனதைத் தளர விடாதீர்கள். 197இல் 216 என்பது நான் பார்க்கிற டிஸ்க்குகளில் பெரிய எண் இல்லை. சத்தமில்லாமல் சுற்றுகிற டிஸ்க், இதை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் ஃபைல்களை இழுத்து இழுத்துக் காப்பி செய்யாதீர்கள், முழு டிஸ்க்கையும் ஒரே தடவையில் இமேஜாக (டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த ஒரே ஃபைலாக) எடுங்கள். காற்று பட ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

நடுவில் கிறீச் என்றோ டிக் என்றோ கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். அப்புறம் லேப்தான், அதில் வீம்பு வேண்டாம்.

ராத்திரி ஷிப்ட் · திங்கள், காலை 7.25

முதலில் டிஸ்க் 1. பழையது என்றாலும் ஆரோக்கியமாக இருக்கிறது, 19,000 ஸ்கேனும் அதில் இருக்க வேண்டும். அதை மட்டும் மாட்டி, எம்டிஆட்மில் ரீட் ஒன்லியாக அசெம்பிள் செய்து, மவுண்ட் செய்து, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள், இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த மாதிரி இரண்டுக்கும் ஒரே அடையாள எண், லினக்ஸ் குழம்பும். மவுண்டில் ரீட் ஒன்லியோடு நோலோட் என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று சொன்னாலும் ஜர்னலை (பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பை) ஓட்டிப் பார்க்கும், அது எழுதுகிற வேலை.

பிறகு டிஸ்க் 2. கெட்ட டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுக்கும் குனூ டிடிரெஸ்க்யூ வேண்டும், உபுண்டுவில் அந்தப் பேக்கேஜ் பெயருக்கு முன்னால் ஒரு ஜி கூட வரும். இமேஜ் எழுத 4 டிபி டிஸ்க் போதாது, ஃபைலாக எடுத்தால் அதற்குள் அடங்காது. 6 அல்லது 8 டிபி வாங்கி அதில் இஎக்ஸ்டி4 போடுங்கள். மேப் ஃபைல் பெயரை மறக்காமல் கொடுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று அதில் எழுதிக்கொண்டே போகும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். நல்லது முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் கெட்டதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

புதுசு24 · திங்கள், பகல் 1.10

ஃபிரீசர் விஷயத்துக்கு மன்னிக்கவும், தெரியாமல் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி. ரெய்டு 1 என்பதே இரண்டு காப்பிதானே? அதற்கு மேல் பேக்கப் எதற்கு என்றுதான் நானும் இதுவரை நினைத்திருந்தேன்.

கடலோரம் · திங்கள், பகல் 1.42

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றில் அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். நான் தவறான பட்டனை அழுத்தியபோது இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் காலியாயின.

ராத்திரி ஷிப்ட் · திங்கள், பகல் 2.05

ரெய்டு என்ற பெயர் 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்தது. விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பெரிய விலை டிஸ்க்கின் வேலையை வாங்க வேண்டும், அப்படிச் சேர்க்கும்போது ஒன்று போனாலும் வேலை நிற்கக்கூடாது. வேலை நிற்காமல் இருப்பதற்கு வந்த ஏற்பாடு அது. இந்த இழையிலேயே பாருங்கள், ஒன்று போய் இரண்டரை வருடத்துக்கு மேல் வேலை நிற்கவே இல்லை, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

வயல்வரப்பு · புதன், அதிகாலை 5.20

டிஸ்க் 1 முடிந்தது. ஸ்கேன்கள் முழுவதும் இருக்கின்றன, நேற்று மாலை காப்பி ஆகிவிட்டது. அம்மாவுக்கு உடனே போன் செய்தேன்.

8 டிபி டிஸ்க் வாங்கி, நேற்று இரவு 7 மணிக்கு டிஸ்க் 2ஐ ஆரம்பித்தேன். முதலில் விநாடிக்கு 140 எம்பி வரை போனது. நள்ளிரவு ஒன்றே காலுக்கு வேகம் சரசரவென்று இறங்கி பூஜ்யத்தில் நின்றது, திரையில் பிழை எண்ணிக்கை ஏறியது. ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காதை டிஸ்க்கின் மேல் வைத்துக் கேட்டேன், சீராகச் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து மறுபடி 130க்குப் போனது. அப்போதுதான் மூச்சே வந்தது.

சற்று முன் முதல் சுற்று முடிந்தது. மீட்டது 99.99 சதவீதம். வராமல் நிற்பது 61 எம்பி.

ராத்திரி ஷிப்ட் · புதன், காலை 6.40

அருமை. அந்த 61 எம்பி முழுவதும் கெட்டதில்லை, தாண்டிக் குதித்ததில் நல்ல இடங்களும் விட்டுப்போயிருக்கும். இப்போது அதே மேப் ஃபைலோடு இரண்டாவது சுற்று, டைரக்ட் முறையில் (இடையில் கேச் இல்லாமல் நேராகப் படிப்பது), மூன்று முயற்சி. கட்டளையில் முதலில் மூல டிஸ்க், அடுத்து இமேஜ், இடம் மாற்றி அடித்துவிடாதீர்கள். என்டர் அழுத்தும் முன் இரண்டு தடவை வாசியுங்கள்.

வயல்வரப்பு · புதன், இரவு 8.15

61 எம்பி இறங்கி இறங்கி 868 கேபியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை.

பழுதுமேசை · புதன், இரவு 8.33

போதும் தம்பி. டிஸ்க்கை இறக்கிவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. இனி இமேஜில் மட்டும் வேலை பாருங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும் இமேஜின் காப்பியில் ஓட்டுங்கள்.

ராத்திரி ஷிப்ட் · புதன், இரவு 8.50

அந்த 868 கேபி எந்த ஃபைல்களில் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. டிடிரெஸ்க்யூவில் ஃபில் என்று ஒரு முறை உண்டு. இமேஜில் வராத இடங்களை மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பும். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத சொல்லாகக் கொடுங்கள். பிறகு இமேஜைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, எல்லா ஃபைல்களிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். எது சிக்குகிறதோ அதில் ஓட்டை.

வயல்வரப்பு · வெள்ளி, இரவு 11.08

இமேஜ் மவுண்ட் ஆனது. 140 ஒலிக் கோப்பும் இருக்கின்றன.

தேடியதில் சிக்கியவை மொத்தம் நான்கு. மூன்று, பெட்டி தானே உருவாக்கி வைத்திருந்த சின்ன முன்னோட்டப் படங்கள், அவை போனால் பரவாயில்லை. நான்காவது, 2023 பிப்ரவரியில் பதிவு செய்த 87ஆம் கோப்பு. திறக்குமா என்று பயந்துகொண்டே போட்டேன், எம்பி3 என்பதால் ஓடுகிறது. பதினோராவது நிமிடத்தில் அப்பா, "இது நீடாமங்கலம் கல்யாணம், பந்தலில் மழை ஒழுகியது, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குடை பிடித்து நிற்கிறானே, அவன் பெயர்" என்கிறார், அங்கே சில விநாடிகள் இல்லை, பிறகு "அவன் அப்புறம் துபாய் போய்விட்டான்" என்று தொடர்கிறார்.

மற்ற 139ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பது வரை வந்திருக்கிறேன்.

கடலோரம் · வெள்ளி, இரவு 11.30

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தை நீடாமங்கலத்தில் யாரிடமாவது காட்டுங்கள், கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பழுதுமேசை · சனி, காலை 7.02

நிம்மதியாக இருக்கிறது. இன்றைக்கே இன்னொரு காப்பி எடுத்து வேறு ஊரில் வையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். டிஸ்க் 1ஐ நல்ல கனெக்டரில் மாட்டினால் இன்னும் உழைக்கும், ஆனால் தனியாக அதை நம்ப வேண்டாம். டிஸ்க் 2ஐ என்ன செய்யப்போகிறீர்கள்?

வயல்வரப்பு · ஞாயிறு, மாலை 6.25

ஒரு காப்பியை நேற்றே பஸ்ஸில் கொண்டுபோய் திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்று இங்கே என்னிடம். ஒலிக் கோப்புகளை மட்டும் தனியாக கிளவுடிலும் ஏற்றிவிட்டேன், அளவு சின்னதுதான். எச்சரிக்கை மெயில் இனி என் போனுக்கே வரும்.

நீடாமங்கலம் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கிறேன், அடுத்த வாரம் அம்மாவோடு போகிறேன்.

டிஸ்க் 2ஐத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அண்ணா. மேலே தேதியும் 868 கேபி என்றும் எழுதி, கவரில் சுற்றி, அப்பாவின் மிச்ச நெகட்டிவ்கள் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நெகட்டிவ் எதையும் இனி தூக்கிப் போடுவதாக இல்லை.